கொலுவில் நின்ற லாரி



நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் சுண்டலை வாங்கிக்கொண்டு கேட்டது ஒரே கேள்விதான். "சார், அந்த ரேஸ் லாரியை எங்கே வாங்கினீங்க?" கீழே பார்க் அமைத்த இடத்தில், மாமல்லபுரத்தில் வாங்கிய மாக்கல் ஐந்து ரதங்களுக்குப் பக்கத்தில் நின்றதே, அந்த மஞ்சள் வண்டி. அது கடையில் வாங்கியது இல்லை. இரண்டு பிளாஸ்டிக் கிட்டுகளைக் கலந்து பேரனும் நானும் ஏழு மாதம் உட்கார்ந்து செய்தது. "அதையே எழுதிக் கொடுங்களேன்" என்றார் நம் சங்கச் செயலாளர். எழுத உட்கார்ந்தால் கதை எண்ணூருக்கும் நாமக்கல்லுக்கும் போய்விட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரேஸ் லாரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பின்னால் டிரெய்லர் கிடையாது. இழுக்கும் முன்வண்டி மட்டும்தான் ஓடும். 1979இல் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் 1984இல் இங்கிலாந்தின் டோனிங்டனிலும் இப்படிப்பட்ட பந்தயங்கள் நடந்தன. ஐரோப்பியப் பந்தயத்தில் வண்டியின் எடை ஐந்து டன்னுக்கு மேல், வேகம் 160 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த எடையை அந்த வேகத்தில் வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு நிறுத்தினால் பிரேக் காய்ந்து பழுத்துவிடும். அதனால் வண்டியிலேயே தண்ணீர்த் தொட்டி வைத்து பிரேக் மேல் பீய்ச்சுவார்கள். பேரனுக்கு இந்தத் தண்ணீர்த் தொட்டிதான் பிடித்துப்போனது. அது இல்லாமல் வண்டி வேண்டாம் என்றுவிட்டான்.

நாங்கள் தேடிய அளவில் அப்படி ஒரு கிட் அகப்படவில்லை. ஒரு பெட்டியில் ஐரோப்பிய லாரி, இன்னொன்றில் அமெரிக்கப் பந்தயக் கார். லாரியிலிருந்து கேபினும் சட்டமும், காரிலிருந்து கம்பிக் கூண்டும் பந்தய இருக்கையும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1949இல் பெர்குசன் டிராக்டர் விற்பனையாளர்கள் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்காகச் சிறிய பிளாஸ்டிக் டிராக்டர் செய்தது. பிறகு அதையே பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்றது. (அந்த வழியில் வந்த மாஸி பெர்குசனைத் தயாரிக்க 1960இல் சென்னையில் டாஃபே வந்தது. அந்த டிராக்டருக்கு எத்தனை கடன் விண்ணப்பம் சரிபார்த்திருப்பேன் என்பது எனக்கும் என் மூக்குக் கண்ணாடிக்கும்தான் தெரியும்.) 1958இல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்யக்கூடிய கார் கிட்டுகளைக் கொண்டுவந்தது. ஒரு விதத்தில் செய்தால் மற்ற இரண்டின் பாகங்கள் மிச்சம். மிச்சம் இருந்தால் அதை இன்னொன்றில் பூட்டிப் பார்க்கத் தோன்றாதா?

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. எங்கள் லாரி கிட் 24இல் ஒரு பங்கு அளவு. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற பழைய கணக்கு அது. அமெரிக்கக் கார் கிட்டோ 25இல் ஒரு பங்கு. கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆறு மீட்டர் வண்டி முதல் கணக்கில் 25 சென்டிமீட்டர், இரண்டாவதில் 24. ஒரு சென்டிமீட்டர் உதைக்கிறது. டிரயல் பேலன்ஸில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடிய ஆள் நான். கம்பிக் கூண்டு கேபினுக்குள் ஆடியது. கடைசியில் ஒவ்வொரு காலின் அடியிலும் பிளாஸ்டிக் துண்டு ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்துச் சரிக்கட்டினோம். பெயின்ட் வேலையைக் கோடையிலேயே முடித்ததும் நல்லதாயிற்று. நம் கடற்கரை ஈரக்காற்றில் மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடித்தால் மேலே வெள்ளை பூத்துவிடும்.

"ரெண்டு வண்டியை ஒட்டினா அது ஏமாத்துவேலை இல்லையா தாத்தா?" என்று பேரன் ஒருநாள் கேட்டான். அப்போதுதான் எனக்கு வங்கியில் வந்த லாரிக் கடன் ஃபைல்கள் ஞாபகம் வந்தன. ஒரே ஃபைலில் இரண்டு கொட்டேஷன் இருக்கும். ஒன்று சேஸுக்கு, டீலர் கொடுத்தது. இன்னொன்று பாடிக்கு, பட்டறைக்காரர் கொடுத்தது. தொழிற்சாலை விற்றது இன்ஜின், சட்டம், சக்கரம், ஸ்டியரிங். கேபினும் சரக்குப் பெட்டியும் தச்சரும் வெல்டரும் கட்டியவை. லாரிக்கு நாமக்கல், பஸ் கூண்டுக்குக் கரூர் என்று இரண்டு ஊர்களே அதில் பெயர் எடுத்தன. நம் ஊர் லாரி எப்போதுமே இரண்டு கிட் கலந்ததுதான்.

இன்னும் பின்னால் போனால் முழு வண்டியே கிட்டாகத்தான் வந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி ஆஸ்டின் ஏ40 கார்களை உருவாக்கியது. 1950களின் தொடக்கத்தில் லேலண்ட் காமெட் லாரிகளையும் அப்படியே பூட்டினார்கள். 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் பெரியவர்கள் செய்ததைத்தான் நாங்கள் சாப்பாட்டு மேசையில் செய்தோம்.

சேஸ் பட்டறைக்குப் போய்ச் சேரும் வழி ஒன்று இருக்கிறதே, அங்கேதான் என் மாமா வருகிறார். அம்மாவின் கடைசித் தம்பி. ஒரு டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டரிடம் வேலை. புது சேஸுகளைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போய் விடுவார். நாடு முழுக்க அப்போது அதுதான் வழக்கம். கேபின் இல்லை, கதவு இல்லை, தலைக்கு மேல் எதுவும் இல்லை. ஒரு பலகை, அதன் மேல் மடித்த போர்வை, முகத்தைச் சுற்றி ஈரத் துண்டு, கண்ணுக்குக் காற்றுக் கண்ணாடி. எனக்குப் பத்து வயது இருக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் கொளவாய் ஏரிப் பக்கம் டீக்கடையில் நிறுத்துவார். அம்மா கொடுத்த தயிர்சாதத் தூக்கோடு நான் காத்திருப்பேன். துண்டை அவிழ்த்தால் கண்ணைச் சுற்றி மட்டும் மாமா தெரிவார், மற்றதெல்லாம் புழுதி. மழை நாளில் யூரியா சாக்கைக் கிழித்துப் போர்த்தியிருப்பார். மாமா சிரித்துக்கொண்டே "பாதி லாரிடா இது, மீதி அங்கே இருக்கு" என்பார். பட்டறையில் விட்டுவிட்டு, தற்காலிக நம்பர் பலகையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவார்.

இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். ஒரு முழு லாரியைக்கூட ஓட்டியதில்லை. ஐம்பதிலேயே இடுப்பு மடங்காமல் போனது, வலது காது கேட்காமல் போனது. வங்கியில் பாடி கொட்டேஷனைப் பார்க்கும்போதெல்லாம் நான் தொகையைத்தான் பார்த்தேன். ஓட்டுபவர் உட்காரும் இடத்துக்கு அதில் எவ்வளவு என்று ஒருநாளும் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

கேபினை உச்சியிலிருந்து கட்டுவதா, அடியிலிருந்தா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. பேரனை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். "ரதம்னா சக்கரம் எங்கே?" என்பது அவன் முதல் கேள்வி. நியாயம்தான். அவை வண்டிகளே இல்லை. ரதம் என்றதும் பாண்டவர் பெயர் வைத்ததும் பிற்காலத்தில். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் மரத்திலும் கூரையிலும் கட்டப்பட்ட கட்டடங்களைப் பாறையில் நகலெடுத்தார்கள். திரௌபதி ரதம் கூரைக் குடிசை. பீம ரதத்தின் மேற்பகுதி கூண்டுவண்டிக் கூரை மாதிரி நீளமாக வளைந்திருக்கும். அந்த மரக் கட்டடங்கள் ஒன்றும் இன்று இல்லை. நகல்தான் நிற்கிறது. தர்மராஜ ரதத்தின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள், வேலை முடியாமல் கரடுமுரடாக இருக்கும். மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்து பாதியில் விட்டிருக்கிறார்கள். லாரி அதற்கு நேர் எதிர். சட்டத்திலிருந்து மேலே போக வேண்டும். விவாதம் முடிந்தது.

நம் நாட்டிலும் லாரிப் பந்தயம் நடந்தது. 2014 மார்ச்சில் டெல்லி அருகே புத் சர்வதேசப் பந்தயத் தடத்தில் டாடா ப்ரைமா லாரிகள் ஓடின. முதல் வருடம் ஓட்டியவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். 2016இல்தான், பயிற்சி கொடுத்து, நம் லாரி டிரைவர்களை ஓட்டவிட்டார்கள். லாரி ஓட்டும் தொழிலுக்குக் கொஞ்சம் மரியாதை வரட்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பந்தயத்தால் மரியாதை வருமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அரசு அறிவிக்கை வந்ததே, அந்தச் செய்தியை மட்டும் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன்.

மஞ்சள் வண்டிக்குள் நாலு புள்ளி பெல்ட் போட்டு, ஹெல்மெட்டோடு ஓர் ஆளை உட்காரவைத்தான் பேரன். சின்னத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. கொலுவில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு கிட்டிலும் மிச்சம் நிறைய. ஒரு சட்டம், ஆறு சக்கரம், ஒரு ஸ்டியரிங் கிடக்கிறது. அடுத்த கொலுவுக்கு அதைப் பூட்டலாம் என்று இருக்கிறோம். கேபின் கட்டப்போவதில்லை. ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு பலகை, அதன் மேல் ஓர் ஆள். தலையில் சுற்றுவதற்குப் பேரன் என் பழைய கைக்குட்டையில் ஓர் ஓரத்தை ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டான்.