புக்கிட் தீமாவில் முளைத்த ஆய்வு வரைபடம்

தேக்கா சந்தையின் அருகே தொடங்கி மேற்கு நோக்கிச் செல்லும் புக்கிட் தீமா சாலையை அறியாத சிங்கைத் தமிழர் இலர். அச்சாலையில் இருந்த இராபிள்ஸ் கல்லூரியில், அறிஞர்களின் எழுத்துப் பணியை அளந்து படமாக வரையும் ஒரு துறைக்கு வித்து ஊன்றப்பட்டது என்பதை அறிந்தவரோ மிகச் சிலர். தமிழாய்வின் வரலாற்றை எழுத விழைவோர்க்கு அது பெரிதும் பயன்படும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

சுவரோரம் கண்ட வளைகோடு

டெரெக் டி சொல்லா பிரைஸ் என்பார் 1922இல் இலண்டனில் பிறந்தவர். கணிதம் கற்பிக்கச் சிங்கப்பூருக்கு வந்தார். அந்நாளில் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழ்த் தொகுதிகள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன. 1665இல் தொடங்கிய இதழ் அது. நூலகக் கட்டடம் முற்றுப்பெறாமையால், அத்தொகுதிகளைப் பிரைஸ் தம் வீட்டில் வைத்துக் காத்தார். பத்தாண்டுக்கு ஓர் அடுக்காக அவற்றைச் சுவரோரம் அடுக்கினார். அடுக்குகள் படிக்கட்டுப்போல் ஒரே அளவாக உயரவில்லை. மடங்கு மடங்காக உயர்ந்து, கணித நூலில் காணும் வளைகோடு ஒன்றைச் சுவரில் காட்டின. அறிவின் வளர்ச்சியையும் அளக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு அங்கே பிறந்தது. 1950இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய அறிவியல் வரலாற்று மாநாட்டில் அதனை அவர் வெளியிட்டார்.

பின்னர் 1963இல் வெளியிட்ட நூலில் வேறோர் உண்மையையும் எடுத்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியல் கட்டுரைகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை தனியொருவர் எழுதியவை. ஆண்டுகள் செல்லச் செல்ல இருவரும் மூவரும் சேர்ந்து எழுதுவது பெருகிற்று. 1980க்குள் தனியாசிரியர் கட்டுரையே மறைந்துவிடும் என்றும் அவர் கணித்தார். அக்கணிப்பு முழுதும் பலிக்கவில்லை. ஆயினும் போக்கு அவர் சொன்னதே. 1966இல் டொனால்டு பீவருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் குழுவை ஆராய்ந்தார். சிலர் நடுவில் நிலைத்து நிற்க, பலர் ஒருமுறை எழுதி மறைவதை அதில் இருவரும் கண்டனர். கூட்டாக எழுதுவதைப் பற்றிய அவ்வாராய்ச்சியும் இருவர் கூட்டாக எழுதியதே. 2001இல் மார்க் நியூமன் கணினியின் துணையால் பல துறைகளின் கூட்டாசிரியர் வலைகளை ஆராய்ந்து வெளியிட்டார்.

படம் வரையும் முறை

முறை எளிது. ஓர் அறிஞர்க்கு ஒரு புள்ளி. இருவர் சேர்ந்து ஒரு நூலோ கட்டுரையோ எழுதினால் இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரு கோடு. மூவர் எழுதினால் 3 கோடுகள். பதின்மர் எழுதினால் 45 கோடுகள். ஆகவே கோடு மிகுந்த இடமெல்லாம் உழைப்பு மிகுந்த இடம் என்று கொள்ளல் ஆகாது.

காலத்தைக் காட்டுவதே கடினமான பகுதி. ஒருமுறை போட்ட கோட்டை அழிக்காமல் விட்டால் படம் எந்நாளும் வளர்வதாகவே தோன்றும். மறைந்தவரும் விலகியவரும் இன்றும் உடன் உழைப்பதுபோல் நிற்பர். பத்தாண்டுக்கு ஒரு தாளாகத் தனித்தனியே வரைந்தால்தான் யார் வந்தார், யார் போனார் என்பது விளங்கும்.

திராவிட மொழியாய்விலிருந்து ஒரு சான்று காண்போம். ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பரோ, இந்திய அறிஞர் சுதிபூஷண் பட்டாச்சாரியாவுடன் சேர்ந்து 1953இல் பர்ஜி மொழி பற்றிய நூலை வெளியிட்டார். 1961இல் கலிபோர்னியாவின் எமனோவும் பரோவும் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டனர். 1970இல் பரோவும் பட்டாச்சாரியாவும் பெங்கோ மொழி பற்றி எழுதினர். 1984இல் அகராதியின் இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் தாளில் பரோவிடமிருந்து ஒரே கோடு. அடுத்த தாளில் இரண்டு. பட்டாச்சாரியாவையும் எமனோவையும் இணைக்கும் பாலமாகப் பரோ நிற்பதைப் படம் ஒரு நொடியில் காட்டிவிடும்.

படம் காட்டாதவை

ஆயின் இப்படம் நூலின் முகப்பை மட்டுமே நம்புவது. எமனோ 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்ட கோத்தர் மொழிக் கதைகளைச் சொன்னவர் நீலகிரியைச் சேர்ந்த சுள்ளி என்னும் கோத்தர். கதையும் மொழியும் அவருடையவை. முகப்பில் ஆசிரியராக நிற்பவர் எமனோ ஒருவரே. கூட்டாசிரியர் படத்தில் சுள்ளிக்குப் புள்ளியே கிடையாது. ஏடு படித்துச் சொன்னவரும், படியெடுத்தவரும், சொல் திரட்டித் தந்த ஆசிரியரும் இவ்வாறே மறைகின்றனர்.

அமைப்புகளின் உதவியும் முகப்பில் வாராது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிற்று. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டிக் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் நிதி திரட்டினார். 1959இல் அத்துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைமையை ஏற்றார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தபோது அடிகளும் கமில் சுவெலபிலும் செயலாளராயினர். 1966இல் முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. பாரிசு, பிராகு, சென்னை என்று சிதறிக் கிடந்த புள்ளிகள் அங்கே அருகருகே அமர்ந்தன. அவர்கள் சேர்ந்து நூல் எழுதியிராவிடின், கூட்டாசிரியர் படம் இதைப்பற்றி வாய் திறவாது. மாநாட்டு உறவுக்கு வேறு நிறத்தில் கோடு இட வேண்டும்.

ஆசிரியர் கடன்

தோட்டப் பள்ளிகளில் ஒரு தலைமையாசிரியர் மாறிச் சென்றால், அவர் திரட்டிய பாடக் குறிப்பும் அவருடனேயே போய்விடுவதுண்டு. தனிப் புள்ளி மறைந்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. கோடு இருந்தால் மறுமுனையில் ஒருவர் இருப்பார். மூத்தவர் இளையவரோடு சேர்ந்து எழுதுவது அதனாலேயே வேண்டப்படுகின்றது.

மூன்று செயல்கள் நம்மால் இயலும். முதலாவது, நம் பெயரை எங்கும் ஒரே வகையாக எழுதுதல். முன்னெழுத்து ஓரிடத்தில் இருந்து மற்றோரிடத்தில் இல்லையாயின், படத்தில் ஒருவர் இருவராவார். இரண்டாவது, உதவியவர் பெயரை நன்றியுரையிலேனும் விடாது குறித்தல். மூன்றாவது, அடுத்த கட்டுரையை ஓர் இளம் ஆசிரியரோடு சேர்ந்து எழுதுதல். ஊர் கூடித் தேர் இழுத்தவர் நாம். வடம் பிடித்த கைகளையெல்லாம் வரலாறு அறிய வேண்டுமாயின், அவற்றை எழுதி வைக்கும் கடன் நம்முடையதே.