வீட்டுத் திரையிற் குங்ஃபூ நகைச்சுவை: ஹொங்கொங் திரைப்படங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கலைப்படைப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர், அது எக்காலத்தில், எவரால், எச்சூழலில் ஆக்கப்பட்டது என்பதை ஆராய்வது வழக்கம். அது எவ்வடிவிற் காக்கப்பட்டது, எவ்வடிவில் மக்கள் கையை வந்தடைந்தது என்ற வினா பெரும்பாலும் பின்தள்ளப்பட்டுவிடுகின்றது. பழந்தமிழ் நூல்களைப் பயில்வோருக்கு இவ்வினாவின் முக்கியத்துவத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏடுகளை ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரின் உழைப்பின்றேல், நூலும் இல்லை. நூல்பற்றிய ஆராய்ச்சியும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் வெகுசனக் கலையாகிய திரைப்படத்துக்கும் ஏடும் பதிப்பும் பாடபேதமும் உண்டு. ஹொங்கொங்கிலே தோன்றிய குங்ஃபூ நகைச்சுவைப் படங்கள் வீடியோ நாடா வழியாகவும் இறுவட்டு வழியாகவும் உலகெங்கும் பரவிய வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

இப்படவகையின் தோற்றம் தற்செயலானதன்று. 1971 இல் ‘த பிக் பொஸ்’ படத்துடன் புகழடைந்த புரூஸ் லீ 1973 யூலை 20 ஆந் திகதி காலமானார். அவரது கடுஞ்சினமும் வீரமும் நிறைந்த கதாநாயக வடிவத்தைப் பின்பற்றிப் பல தயாரிப்பாளர்கள் புதிய ‘புரூஸ் லீ’க்களை உருவாக்க முயன்றனர். பின்னாளில் நகைச்சுவைக்குப் பேர்போன ஜாக்கி சானும் 1976 இல் ‘நியூ ஃபிஸ்ற் ஒஃப் ஃபியூரி’ என்ற படத்தில் அவ்வாறே முன்னிறுத்தப்பட்டார். அம்முயற்சி அவருக்கு வெற்றி தரவில்லை. இதற்கு முன்னரே, 1975 இல், ஷா சகோதரர் நிறுவனத்திற்காக லௌ கார்-லியுங் நெறிப்படுத்திய ‘த ஸ்பிரிச்சுவல் பொக்ஸர்’ சண்டையையும் நகைப்பையும் ஒருசேர இணைத்துக் காட்டியிருந்தது. 1978 இல் யுவன் வூ-பிங்கின் நெறியாள்கையில் வெளிவந்த ‘ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷடோ’, ‘ட்றங்கன் மாஸ்ரர்’ என்னும் இரு படங்களும் இப்போக்கினை நிலைநிறுத்தின. இரண்டிலும் ஜாக்கி சானே நாயகன்.

‘ட்றங்கன் மாஸ்ரர்’ படத்தின் நாயகப் பாத்திரம் வொங் ஃபெய்-ஹுங். 1847 முதல் 1924 வரை வாழ்ந்ததாகக் கூறப்படும் இவர் உண்மையிலே வாழ்ந்த மருத்துவரும் தற்காப்புக்கலை ஆசானுமாவார். 1949 முதல் குவான் ராக்-ஹிங் நடித்த நீண்ட படத்தொடரில் இவர் ஒழுக்கமும் பொறுமையும் மிக்க பெரியவராகச் சித்திரிக்கப்பட்டார். 1978 ஆம் ஆண்டுப் படமோ அவரைச் சோம்பலும் குறும்பும் நிறைந்த இளைஞனாக்கியது. தந்தை அவனைக் குடிகார ஆசானொருவரிடம் ஒப்படைக்கின்றார். எட்டுத் தேவர்களின் பெயரால் அமைந்த எட்டு முறைகளைக் கற்க வேண்டியவன், பெண் தேவதைக்குரிய முறையை மட்டும் இகழ்ந்து விட்டுவிடுகின்றான். இறுதிச் சண்டையில் அந்த எட்டாவது முறையே தேவைப்படுகின்றது. கல்லாததை அவன் அக்கணத்திலே தானே கட்டியமைக்கின்றான். மரபை மதியாத சீடன் மரபின் தேவையைத் தன் உடலாலேயே உணரும் இடம் அது. நகைப்பும் பொருளும் அங்கே பிரிக்கவொண்ணாதவாறு ஒன்றுகலந்துள்ளன.

இந்நகைச்சுவையின் வேர் பீக்கிங் இசைநாடக மரபிலே உள்ளது. கவுலூனில் யூ ஜிம்-யுவன் என்ற ஆசான் நடத்திய பயிற்சிக் கூடத்திற் சிறுவயதிலிருந்தே பயின்றவர்களே ஜாக்கி சான், சம்மோ ஹுங், யுவன் பியாவ் முதலியோர். தலைகீழாக நிற்றலும் குட்டிக்கரணமும் பாடலும் ஆயுதப் பயிற்சியும் ஆண்டுக்கணக்கிற் கடுந்தண்டனையின் கீழ்ப் புகட்டப்பட்டன. அவர்கள் பயிற்சியை முடித்து வெளியேறியபோது அக்கலைக்கு ஹொங்கொங்கில் இரசிகர் அருகியிருந்தனர். எனவே அவர்கள் படப்பிடிப்புக் கூடங்களிலே விழுந்தெழும் கூலிகளாயினர். தமிழ்க் கூத்தின் கோமாளியைப் போலச் சீன நாடகத்திலும் விதூடகப் பாத்திரத்துக்குத் தனியிடம் உண்டு. வேலையிழந்த அரங்கக் கலைஞரின் உடற்பயிற்சியும் அவ்விதூடக மரபும் திரைப்படத்தினுள் புகுந்தமையின் விளைவே குங்ஃபூ நகைச்சுவை எனலாம்.

இவ்வாறு பிறந்த கலைக்கு மூன்று தேவைகள் உள. முதலாவது, தலைமுதல் அடிவரை உடல் முழுவதும் திரையிலே தெரிதல் வேண்டும். இரண்டாவது, அடிப்பவனும் அடிபடுபவனும் ஒரே சட்டகத்துள் நிற்றல் வேண்டும். மூன்றாவது, அசைவின் தாளம் குலையாதிருத்தல் வேண்டும். அமெரிக்க அறிஞர் டேவிட் போட்வெல் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிளனற் ஹொங்கொங்’ என்ற நூலில், கணநேர அசைவின்மை, திடீர் வேகம், மீண்டும் அசைவின்மை என்ற ஒழுங்கு இச்சண்டைகளை ஆள்வதனை எடுத்துக்காட்டியுள்ளார். அகன்ற திரைக்கெனவே, அகலம் உயரத்தின் 2.35 மடங்காக அமையுமாறு, இப்படங்களிற் பல ஒளிப்பதிவு செய்யப்பட்டமையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

வீட்டு வீடியோவின் வருகை இம்மூன்றையும் தாக்கியது. சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் கருவியை 1975 இலும், ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். கருவியை 1976 இலும் அறிமுகஞ் செய்தன. குங்ஃபூ நகைச்சுவை முதிர்ச்சியடைந்த காலமும் வீடியோ பரவிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. அன்றைய தொலைக்காட்சித் திரையின் அகலமோ உயரத்தின் 1.33 மடங்கு மட்டுமே. அகன்ற படத்தை அத்திரை நிறையக் காட்டுவதற்கு இரு பக்கங்களையும் வெட்டினர். இதனால் ஒவ்வொரு கணத்திலும் படத்தின் நூற்றுக்கு 43 பங்கு வரை பார்வையாளனுக்குக் கிடைக்காது போயிற்று.

வெட்டுண்டு போனது வெறும் வெளியன்று. சட்டகத்தின் நடுவே நாயகன் நின்றான். ஓரங்களில், மேசைமீது விழுந்து நொறுங்குபவரும் படிக்கட்டில் உருள்பவரும் நின்றனர். அடியின் விளைவைத் தம் எலும்பாற் காட்டிய அப்பெயரறியாத் தொழிலாளர்கள் வீட்டுத் திரையில் அடிக்கடி காணாமற் போயினர். அடி மட்டும் எஞ்சியது, வீழ்ச்சி மறைந்தது. நகைச்சுவை பெரிதும் வீழ்ச்சியிலேயே தங்கியிருப்பதால், இவ்விழப்பு தொழில்நுட்பக் குறையாக மட்டும் கொள்ளத்தக்கதன்று. அது உழைப்பின் பதிவை அழித்தலுமாகும்.

ஒலியின் நிலையும் இத்தகையதே. அக்கால ஹொங்கொங் படங்கள் பெரும்பாலும் ஒலியின்றிப் படமாக்கப்பட்டுப் பின்னர் கன்ரனீஸ், மண்டரின் மொழிகளிற் குரல் சேர்க்கப்பட்டன. எனவே மொழிமாற்றத்தை முற்றிலும் அந்நியமான தலையீடு என்று கொள்ளுதல் பொருந்தாது. எனினும் ஆங்கிலப் பிரதிகளில் இசையும் பெயரும் உரையாடலும் மாற்றப்பட்டமை படத்தின் தொனியையே திரித்தது. மறுபுறத்தில், திரிந்த பிரதிக்கும் தனிவரலாறு உண்டு. 1993 இல் வெளிவந்த நியூயோர்க் வூ-ராங் கிளான் குழுவினரின் முதலாவது இசைத்தட்டு, ஆங்கிலக் குரல் சேர்க்கப்பட்ட குங்ஃபூ படங்களின் உரையாடற் துணுக்குகளைத் தனதாக்கிக்கொண்டது. கறுப்பின இளைஞர்கள் தம் நகரத்தின் அனுபவத்தை வெளியிடுவதற்கு அச்சிதைந்த பிரதிகளே சொற்களை வழங்கின.

வீடியோ பறித்ததுபோலவே கொடுத்ததும் உண்டு. படமாளிகையிற் கண்ணிமைப்பொழுதில் மறைந்த அசைவை, நாடாவிலே நிறுத்தியும் பின்னோக்கிச் சுழற்றியும் பார்க்க முடிந்தது. ஜாக்கி சானின் படங்கள் இத்தகைய பார்வைக்கு இயல்பாகவே இடங்கொடுத்தன. ‘புரொஜெக்ற் ஏ’ (1983) படத்தில் நாயகன் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து விழுகின்றான். ஹரோல்ட் லொயிட்டின் 1923 ஆம் ஆண்டு மௌனப் படமாகிய ‘சேஃப்ரி லாஸ்ற்’ இன் நினைவைத் தாங்கிய காட்சி அது. ‘பொலிஸ் ஸ்ரோரி’ (1985) படத்தில் மின்குமிழ்கள் சுற்றிய கம்பமொன்றைப் பற்றிக்கொண்டு கடைத்தொகுதியின் மேல்மாடியிலிருந்து அவன் சறுக்கி இறங்குவது பல கோணங்களில் மீண்டும் மீண்டும் காட்டப்படுகின்றது. ‘நம்பாதவர் மறுபடியும் பார்க்கட்டும்’ என்று படமே கூறுவதுபோல் அது அமைந்துள்ளது. ‘ட்றகன் லோர்ட்’ (1982) தொடக்கம் படங்களின் இறுதியிலே பிழைத்த காட்சிகள் இணைக்கப்பட்டன. 1986 இல் ‘ஆமர் ஒஃப் கோட்’ படப்பிடிப்பின்போது யூகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து தவறி விழுந்து அவரது மண்டையோடு முறிந்த நிகழ்ச்சியும் அவ்வாறு திரைக்கு வந்தது. நகைப்பின் விலை யாது என்பதை இக்காட்சிகள் மறைக்கவில்லை.

1993 இல் வரையறுக்கப்பட்ட வீடியோ இறுவட்டு அடுத்த கட்டத்தைத் தொடக்கியது. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடங்களே அடங்குமாதலின் ஒரு படத்துக்கு வழக்கமாக இரு தட்டுகள் வேண்டியிருந்தன. மலிவும் எளிமையும் அதனை ஆசிய நாடுகளில் வேரூன்றச் செய்தன; அவையே கள்ளப்பிரதிக்கும் வழிவகுத்தன. வேறு காரணங்களும் சேர, 1990 களின் பிற்பகுதியில் ஹொங்கொங் திரைப்பட உற்பத்தி பெரிதும் சுருங்கியது. 1999 மார்ச்சில் திரைப்படத் துறையினர் கள்ளப்பிரதிக்கு எதிராக வீதியில் இறங்கிப் பேரணி நடத்தினர். அவர்களது கலையை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசென்ற ஊடகமே அவர்களது பிழைப்பை அரித்தது என்பது இவ்வரலாற்றின் முரண்பாடாகும்.

1996 இன் இறுதியில் ஜப்பானில் அறிமுகமான டி.வி.டி. பதிப்பித்தலைப் பொறுப்புள்ள பணியாக்க வாய்ப்பளித்தது. செலெஸ்ரியல் பிக்சர்ஸ் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் ஷா சகோதரரின் ஏறத்தாழ 760 படங்களின் உரிமையைப் பெற்று, 2002 இன் இறுதி முதல் அவற்றைச் செப்பனிட்டு வெளியிடலாயிற்று. ஹொங்கொங் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கட்டடம் 2001 இல் திறக்கப்பட்டது. அகன்ற சட்டகம் மீண்டது. ஓரத்தில் விழுந்தவர்கள் மீண்டும் தென்பட்டனர்.

ஆயினும் மூலப்பிரதி யாது என்ற வினா தீர்ந்துவிடவில்லை. ‘பொலிஸ் ஸ்ரோரி’யின் ஜப்பானியப் பிரதியில் ஹொங்கொங் பிரதியில் இல்லாத காட்சிகள் உள. ‘ட்றங்கன் மாஸ்ரர்’ படத்தின் கன்ரனீஸ் ஒலித்தடம் முழுமையாகக் கிடைக்காமையால், டி.வி.டி. பதிப்பிற் சில இடங்கள் மண்டரின் ஒலியால் நிரப்பப்பட்டன. இடையிலே மொழி திடீரென மாறுவது, ஏட்டிலே சிதைந்த இடத்தை வேறோர் ஏடுகொண்டு நிரப்பியதை ஒக்கும். 1994 இல் வெளிவந்த இரண்டாம் பாகம் 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் புதிய பெயருடனும் புதிய இசையுடனும் ஆங்கிலக் குரலுடனும் திரையிடப்பட்டபோது அதன் இறுதிக் காட்சி நீக்கப்பட்டது. தொழிற்சாலை மதுசாரத்தை அருந்திய நாயகன் பார்வையும் அறிவும் கெட்டு நிற்பதாக முடியும் நகைப்புக் காட்சி அது. அதன் நயம்பற்றிக் கருத்து வேறுபாடு இருத்தல் கூடும். எனினும் வெற்றிக்கு நாயகன் கொடுத்த விலையை அகற்றிவிட்டு வெற்றியை மட்டும் வைத்திருப்பது வேறொரு படத்தைத் தருவதாகவே முடியும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகும். வெகுசனப் பொழுதுபோக்கு என ஒதுக்கப்பட்ட ஆக்கங்கள், காப்பதற்குரியன என எவரும் கருதாமையாலேயே எளிதிற் சிதைந்தன. சிதைந்த நிலையிலேனும் அவற்றை விரும்பிப் பார்த்து, நாடாக்களைச் சேர்த்து, பிரதிகளை ஒப்பிட்ட சாதாரண இரசிகர்களின் ஆர்வமே பின்னைய செம்பதிப்புகளுக்கு வழிசமைத்தது. சிறுவயதிலே நாடகக் கூடத்தில் அடிபட்டுக் கற்று, படப்பிடிப்பிலே எலும்பு முறிந்து, சட்டகத்தின் ஓரத்தில் விழுந்தெழுந்த மனிதரின் உழைப்புக்கு அப்படங்களே சான்று. எனவே அவற்றின் ஓரங்களையும் ஒலிகளையும் இறுதிக் காட்சிகளையும் உள்ளவாறே காத்தல், பழம்படங்கள்மீது கொண்ட பற்றினால் மாத்திரம் ஆற்றும் பணியன்று. அவ்வுழைப்பாளருக்கு வரலாறு செலுத்தவேண்டிய கடனுமாகும்.