பேறுகாலத் துணையும் அதற்குரிய பயிற்சியும்

மனித நாகரிகத்திற்கு இன்றியமையாத தொழில்களை எண்ணிப் பார்த்த வரலாற்று மேதை இப்னு கல்தூன், 1377-இல் எழுதிய தமது முகத்திமாவில், உழவுக்கும் கட்டடக் கலைக்கும் நெசவுக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கியது போலவே மருத்துவச்சியின் தொழிலுக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். அரபு மொழியில் அவளுக்குக் காபிலா என்று பெயர். ஏற்பவள் என்பது பொருள். பெற்றவள் தருகிறாள், இவள் கையேந்தி ஏற்கிறாள். பிள்ளையை ஏற்பதற்கு முன்பே, நோவுற்றவளின் முதுகையும் இடுப்பையும் தொடையையும் நீவிவிட்டுத் துணை செய்வதும் அவள் பணியே என்று அவ்வறிஞர் விளக்குகிறார்.

ஆக, மருத்துவச்சியின் தொழிலில் இரண்டு கடமைகள் அடங்கியிருந்தன. பிள்ளையை எடுப்பது ஒன்று. தாயின் அருகிருந்து அவளைத் தேற்றுவது மற்றொன்று. நம் ஊர்களில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்களே இவ்விரண்டையும் செய்து வந்தார்கள். தாயிடம் கற்று மகள் செய்த தொழில் அது. பள்ளியும் இல்லை, பட்டமும் இல்லை.

இவ்விரு கடமைகளும் தனித்தனியே பிரிந்து சென்றதே கடந்த 180 ஆண்டுகளின் வரலாறு. முதற்கடமை மருத்துவமனைக்குள் புகுந்துவிட்டது. இரண்டாவது கடமை நெடுநாள் ஆதரவற்றுக் கிடந்து, இப்போது 'டூலா' என்னும் புதிய பெயரோடும் சான்றிதழோடும் திரும்பி வருகிறது. இதற்கான வகுப்புகளை வெளிநாட்டு நிறுவனங்களும் நம் நாட்டு அமைப்புகளும் நடத்துகின்றன. விழுப்புரத்திற்கு மேற்கே கண்டாச்சிபுரத்தில் வாழும் குடும்பப் பெண்ணொருத்தி இப்பணிக்கு வர விரும்பினால், தன் வாழ்க்கைக்கு ஏற்ற பயிற்சி எது என்று எப்படி அறிவாள்? பழைய பயிற்சிகள் எங்கே வென்றன, எங்கே தோற்றன என்று பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகும்.

சென்னையில் தொடங்கிய பள்ளி

1844-இல் சென்னையில் அரசாங்கப் பிரசவ மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று எழும்பூரில் இருக்கும் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவமனை அதன் வழிவந்ததே. 1854-இல் அங்கு மருத்துவச்சிகளுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் அந்நாளையத் தென்னார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிள்ளைகுட்டிகளை விட்டுவிட்டு, வயற்கூலியையும் இழந்து, ஒருத்தி சென்னைக்குச் சென்று தங்கிப் பயில்வது எங்ஙனம்? கதவு திறந்திருந்தது, ஆயினும் கதவு வரை வரும் வழி சிற்றூர்ப் பெண்ணுக்கு இல்லை.

இக்குறையை உணர்ந்தவர்களுள் எட்வர்டு பால்ஃபர் குறிப்பிடத்தக்கவர். சென்னை அருங்காட்சியகத்தின் முதற்பொறுப்பாளராகவும், சென்னையில் முகம்மதியப் பொது நூலகம் தோன்றக் காரணமாகவும் இருந்த மருத்துவர் இவர். கான்குவெஸ்ட் என்பவர் எழுதிய மகப்பேற்று நூலைத் தாமே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அதனைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பெயர்க்கச் செய்து தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். பயில்பவளின் மொழிக்குப் பாடம் வரவேண்டும் என்பது அவருடைய நோக்கம். மருத்துவக் கல்வியில் பெண்களுக்கு இடம் கிடைக்கவும் அவர் துணை நின்றார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

அவ்வாறு சேர்ந்த நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்தவர். பிரசவ மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்று, பின்னர் மருத்துவரானவர். ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்த கோஷாப் பெண்கள் சிகிச்சையின்றித் துன்புறுவதைக் கண்டு, 1885-இல் அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை அமையக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே. இன்றும் முதியோர் பலர் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வர். பர்தாவைக் கைவிட்டால்தான் வைத்தியம் என்று ஷார்லீப் சொல்லவில்லை. பர்தாவுக்குள் வாழ்ந்தவர்களை நோக்கி வைத்தியத்தைக் கொண்டுவந்தார்.

முப்பது நாள் பயிற்சி

1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் நிறைவேறிற்று. பயின்று பதிவு பெற்றவர்கள் ஒரு பக்கம், பரம்பரை மருத்துவச்சிகள் மறுபக்கம் என்ற பிரிவு அதன்பின் உறுதிப்பட்டது. 1943-இல் அமைக்கப்பெற்று 1946-இல் அறிக்கை தந்த போர் குழு, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் நாட்டில் மிகக் குறைவு என்பதை எடுத்துக்காட்டியது. அவர்கள் போதிய அளவு உருவாகும் வரை, ஊரிலுள்ள தாய்மாருக்கே (மருத்துவச்சிகளை வடநாட்டார் அழைக்கும் 'தாயி' என்ற சொல்லே அரசாங்கக் கோப்புகளில் ஏறியது) பயிற்சி அளிக்கலாம் என்றும் கூறியது.

1977-இல் தொடங்கிய ஊரக நலத் திட்டத்தின்கீழ் நடந்த தாயி பயிற்சியின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. பயிற்சிக் காலம் 30 வேலை நாட்கள். வாரத்தில் 2 நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை நிலையத்திலோ பாடம். மற்ற 4 நாள் சுகாதாரப் பணிப்பெண்ணோடு ஊர் ஊராகச் சென்று பழகுதல். பயிற்சிக் காலத்தில் மேற்பார்வையின்கீழ் குறைந்தது 2 பேறுகளைப் பார்த்தாக வேண்டும். உதவித்தொகை 300 ரூபாய். முடிவில் சான்றிதழும் கருவிப் பையும் உண்டு. பதிவு செய்யப்பட்ட பேறு ஒன்றுக்கு 10 ரூபாய் ஊதியம்.

இதில் எழுத்தறிவு நிபந்தனையாக இல்லை. ஊரை விட்டு நெடுநாள் பிரிய வேண்டியதில்லை. இழந்த கூலிக்கு ஈடாகச் சிறிதளவேனும் பணம் கிடைத்தது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், கொதிக்கவைத்த கத்தியால் தொப்புள் கொடியை அறுப்பதும், எந்த அறிகுறி கண்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் செய்து காட்டிக் கற்பிக்கப்பட்டன. ஒரு பெண்ணின் வாழ்க்கையை அளந்து பார்த்துத் தைத்த சட்டை போன்றது அப்பயிற்சி.

எனினும் அதற்கும் எல்லை இருந்தது. குருதிப்போக்கும் வலிப்பும் வந்தால் முப்பது நாள் பயிற்சி போதாது. இரத்தமும் மருந்தும் அறுவை மேசையும் வேண்டும். எனவே மகப்பேறுகள் மருத்துவமனையை நோக்கிச் சென்றன. இன்று தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. தாய்மார் பலரின் உயிரைக் காத்த மாற்றம் இது. அதில் ஐயமில்லை.

கதவுக்கு வெளியே நின்ற துணை

ஆனால் பிரசவ அறையின் கதவு மூடப்பட்டபோது, கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் வெளியே நின்றுவிட்டாள். முன்பின் அறியாதவர்கள் நடுவே, தலைப்பிள்ளைக்காரி தனியே கிடந்து நோவைத் தாங்கினாள்.

இத்தனிமை உலகெங்கும் நேர்ந்ததே. 1973-இல் டானா ரஃபேல் என்னும் அமெரிக்க மானிடவியலார், தாய்க்குத் துணை நிற்கும் பெண்ணைக் குறிக்கப் பணிப்பெண் என்னும் பொருளுடைய 'டூலா' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்தாண்டார். குவாதமாலா நாட்டில் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் முதலியோர் நடத்திய ஆய்வு 1980-இல் வெளிவந்தது. தனியே விடப்பட்ட தாய்மாருக்கு மருத்துவமனையில் சேர்ந்தது முதல் பேறு வரை சராசரியாக 19.3 மணி நேரம் ஆயிற்று. அருகே ஒரு பெண் துணையிருந்தவர்களுக்கு 8.8 மணி நேரமே. அத்துணைவியர் மருத்துவம் பயின்றவர் அல்லர். முதுகை நீவி, கையைப் பற்றி, ஆறுதல் சொன்ன சாதாரணப் பெண்கள். பிற்காலத்தில், 2017-இல், 26 ஆய்வுகளையும் 15,858 பெண்களையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வும், இடைவிடாத் துணை பெற்றோருக்கு அறுவைப் பேறு குறைகிறது, நோவுக் காலம் சுருங்குகிறது என்று உறுதிப்படுத்திற்று. இப்னு கல்தூன் குறித்து வைத்த அந்த இரண்டாவது கடமைக்கு இவ்வாறு எண்களின் சான்று கிடைத்தது.

1992-இல் கிளாஸ், கென்னல் ஆகியோரும் பிறரும் சேர்ந்து டோனா என்னும் அமைப்பை நிறுவினர். டூலாவுக்குச் சான்றிதழ் அளிக்கும் வழக்கம் பரவிற்று. தமிழ்நாடோ வேறொரு வழியில் சென்றது. 2004-இல் அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத்தில் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2016-இல் நடுவணரசும் நாடு முழுமைக்கும் இதனை அறிவித்தது. துணைவருபவள் தானும் பேற்று நோவை அறிந்தவளாக இருத்தல், தொற்றுநோய் இல்லாதிருத்தல், தூய உடை, இறுதி வரை உடனிருத்தல், மருத்துவப் பணியில் தலையிடாமை ஆகியவை நிபந்தனைகள்.

எதைத் தேர்வது?

இனி, கண்டாச்சிபுரத்துப் பெண்ணின் வினாவுக்கு வருவோம்.

முதலாவது, அவள் விரும்புவது பிள்ளையை எடுக்கும் பணியா, தாயைத் தேற்றும் பணியா? முன்னதற்கு டூலாச் சான்றிதழ் உதவாது. எவ்வளவு உயர்ந்த நிறுவனம் தந்தாலும் அது பேறு பார்க்கும் உரிமையைத் தருவதில்லை. அதற்கு வழி செவிலியர் கல்வி: துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டு, பொதுச் செவிலியர் படிப்பு 3 ஆண்டு. செவிலியராகத் தேறியவர் 18 மாத மருத்துவச்சிப் பயிற்சியும் பெறலாம் என்று 2018-இல் நடுவணரசு வழிகாட்டியது. வயதும் குடும்பச் சூழலும் இடந்தரும் இளம்பெண்ணுக்கு இதுவே நிலையான ஊதியம் தரும் பாதை.

இரண்டாவது, இரவு. பேற்று நோவு நேரம் பார்த்து வருவதில்லை. கண்டாச்சிபுரம் மேற்கே, மாவட்டத்தின் பெரிய மருத்துவமனையான விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நகருக்கு மறுபுறம் முண்டியம்பாக்கத்தில். நள்ளிரவில் அழைப்பு வந்தால் யாருடன் செல்வது, கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியாரோ நாத்தனாரோ இசைவரா? இதைப் பயிற்சிக் கட்டணம் செலுத்துமுன் வீட்டில் பேசி முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, பயிற்சியின் தன்மை. பாடம் தமிழில் உண்டா? கேட்டுப் படிப்பதோடு முடிகிறதா, தாயின் பக்கத்தில் நின்று பழகவும் இடமளிக்கிறதா? பேறு நிகழும் போது உடனிருந்து, அத்தாயும் மருத்துவப் பணியாளரும் கருத்துரைத்த பின்பே சான்றிதழ் தரும் முறை சிறந்தது. கைப்பேசித் திரையில் பார்த்த பாடம் மட்டும் கைக்குப் பழக்கம் தராது. தாயி பயிற்சியில் 2 நாள் பாடத்திற்கு 4 நாள் பழக்கம் வைத்தவர்கள் காரணமின்றி வைக்கவில்லை.

நான்காவது, பணி கிடைக்கும் இடம். நம் நாட்டில் டூலாவுக்குச் சட்டப் பதிவு ஏதுமில்லை. கட்டணம் கொடுத்து டூலாவை அமர்த்துவோர் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளையே நாடுகின்றனர். அரசு மருத்துவமனையிலோ துணைக்கு ஓரிடமே உண்டு. அவ்விடத்தில் சான்றிதழ் பெற்றவள் நின்றால், பெற்ற தாய் வெளியே நிற்க நேரிடும். ஆதலால் சிற்றூரில் பெருந்தொகை கட்டிப் பெறும் சான்றிதழ் ஊதியமாகத் திரும்பும் என்று எண்ணிவிடலாகாது.

எனவே கண்டாச்சிபுரம் போன்ற ஊர்களுக்கு மிகவும் பொருந்துவது, சுகாதார நிலையத்தில் செவிலியர் சில நாட்களில் கற்பிக்கக்கூடிய எளிய பயிற்சி என்றே தோன்றுகிறது. உம்மா, பெரியம்மா, அக்கா, நாத்தனார் எனத் துணைக்குச் செல்லும் உறவுப் பெண்களுக்கே அது தரப்பட வேண்டும். நீவிவிடும் முறை, மூச்சு விடும் முறை, நடக்கச் செய்வது, அச்சமூட்டும் பேச்சைத் தவிர்ப்பது, எந்த அறிகுறியைக் கண்டதும் செவிலியரை அழைப்பது: இவற்றை ஊருக்குப் பத்துப் பெண்கள் அறிந்தால், தலைப்பிள்ளைக்காரி எவளும் தனியே கிடக்க மாட்டாள். அப்பதின்மருள் ஒருத்தி மேலும் பயின்று அதையே தொழிலாகக் கொள்வாளாயின், அவளை வரவேற்போம். அவளுக்குரிய ஊதியத்தைத் தயங்காமல் அளிப்பதும் நம் கடன். பழைய மருத்துவச்சிக்கு ஒரு படி நெல்லும் பழம்புடவையும் கொடுத்து அனுப்பிய குறை, இந்தத் தலைமுறையிலேனும் தீரட்டும்.