கியர் பாக்ஸ் எண்ணெயில் மின்னுற தூள்

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா மகன் சென்னையில இருந்து புது புல்லட்டுல பழனிசெட்டிபட்டிக்கு வந்திருந்தான். "ஆயில் மாத்தினியாடா, கழிவு ஆயில் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "அதை யாரு மாமா பாக்குறா? சர்வீஸ்ல விட்டேன், எடுத்துட்டு வந்தேன்"னு சிரிச்சான். எங்க காலத்துல மெக்கானிக் முதல்ல பாக்குறதே அதைத்தான்.

புல்லட் இங்கிலாந்துல ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி. 1955-இல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதல்ல அங்கிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டினாங்க. பிறகு எல்லாத்தையும் திருவொற்றியூரிலேயே செய்தார்கள். 1970 வாக்கில் அங்கே கம்பெனியே மூடிப்போச்சு, இங்கே வண்டி நிக்கல. 1950-கள் காலத்து இன்ஜினை 2000 தாண்டியும் நம்ம ஆளுங்க கழட்டிப் பூட்டிக்கிட்டு இருந்தாங்க.

அந்தப் பழைய வண்டியில் எண்ணெய் மூணு இடத்துல தனித்தனியா இருக்கும். இன்ஜினுக்கு ஒண்ணு, கிளட்சும் பிரைமரி செயினும் இருக்கிற பெட்டிக்கு ஒண்ணு, கியர் பாக்ஸுக்கு ஒண்ணு. எந்த எண்ணெயில் தூள் வருதோ அந்த இடத்துலதான் தேய்மானம். ரத்த டெஸ்ட் மாதிரின்னு வச்சுக்கோங்க.

தேனியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருத்தர் இருந்தார். வண்டி சூடா இருக்கும்போதே கியர் பாக்ஸ் எண்ணெயை வெள்ளைப் பீங்கான் தட்டுல வடிப்பார். உடைஞ்ச ரேடியோவில் எடுத்த ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில சுத்தி உள்ளே விடுவார். ஒட்டினதைக் கட்டை விரலால் தேய்ப்பார். கண்மை மாதிரி வழவழன்னு இருந்தா சாதாரணத் தேய்மானம். மணல் மாதிரி நறநறன்னா பல்லு உரியுது. சில்லு வந்தா பல்லே உடைஞ்சிருக்கு, வண்டி அங்கேயே நிக்கணும். காந்தத்துல ஒட்டாம எண்ணெயில தங்கமா மின்னினா கன்மெட்டல் புஷ் தேயுது. வெள்ளையா மின்னி ஒட்டலேன்னா அலுமினியம், கூடு எங்கேயோ உரசுது. புது வண்டின்னா முதல் 500 கிலோமீட்டருக்குள்ள கொஞ்சம் தூள் வரத்தான் செய்யும், பல்லும் பல்லும் பழகணுமே. முதல் ஆயிலைச் சீக்கிரம் மாத்தச் சொல்றது அதுக்குத்தான்.

அந்த கியர் பாக்ஸ் ஒழுகுறதுக்குப் பேர் போனது. ஒழுகலுக்குப் பயந்து பல பேர் கிரீஸை அடைச்சு வச்சாங்க. ஒழுகல் நின்னுச்சு, சரி. ஆனா தூள் அடியில் படியாம கிரீஸிலேயே நின்னு, உப்புத்தாள் மாதிரி பல்லை அரைக்கும்.

எங்க அப்பா ஓட்டினது செகண்ட் ஹேண்ட் புல்லட். ஒரு நடவு நேரத்துல மெக்கானிக் தட்டைக் காட்டி, "அண்ணே, தங்கமா மின்னுது. பொட்டியைத் திறந்து பாத்துருவோம்"னார். அப்பா கையில இருந்தது நடவுக் கூலிக்கு வச்சிருந்த காசு மட்டும்தான். "அறுப்பு முடியட்டும்ப்பா"ன்னுட்டார். அறுப்பு வரைக்கும் அது தாங்கல. சின்னமனூர் தாண்டி வரும்போது கியர் பாக்ஸ் சிக்கி, பின் சக்கரம் அப்படியே நின்னுபோச்சு. பின்னாடி நான் உக்காந்திருந்தேன். ஏதோ லாரி வரல, பிழைச்சோம். பொட்டியைத் திறந்தப்போ புஷ் தேய்ஞ்சு தண்டு ஆடியிருக்கு, பல்லு உடைஞ்சு சில்லு நடுவுல மாட்டியிருக்கு. அப்பாவுக்கு முழங்கால்ல அடி. கடைசி வரைக்கும் பந்தியில சம்மணம் போட்டு உக்கார முடியல அவரால.

இதே வேலையைப் பெரிய அளவுல செஞ்சது ரயில்வேக்காரங்க. அமெரிக்காவில் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே 1946-லேயே டீசல் இன்ஜின் எண்ணெயை லேபில் கொடுத்து, எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்குன்னு பார்த்தது. நம்ம டீசல் ஷெட்களிலும் அந்தச் சோதனை உண்டு. செம்பு கூடினா பேரிங்கைச் சந்தேகப்படுவாங்க. நம்ம மெக்கானிக் லேப் இல்லாம பீங்கான் தட்டுல பார்த்ததும் அதேதான்.

2009-ஐ ஒட்டி வந்த புது இன்ஜின்ல மூணுக்கும் ஒரே எண்ணெய். ஃபில்டர் தூளைப் பிடிச்சுக்கும், பழைய ஒழுகல் இல்லை. நல்ல வண்டிதான், குறை சொல்லல. ஆனா தூள் எந்தப் பொட்டியில இருந்து வந்துச்சுன்னு அந்த எண்ணெய் தனியாச் சொல்லாது. அதனால அக்கா மகன்கிட்ட, அடுத்த சர்வீஸ்ல பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி, மடிப்பைப் பிரிச்சு காந்தம் வச்சுப் பாருன்னு சொல்லி அனுப்பினேன். போன வாரம் போட்டோ வந்துச்சு, "மாமா, இது ஓகேவா?"ன்னு. போட்டோவுல என்னத்தைத் தெரியும்? விரலால தேய்ச்சுப் பாத்துட்டுச் சொல்லுடான்னேன்.