காஸ்ட்லி இல்லம் முதல் தணிக்கைச் சான்றிதழ் வரை: எப்சம் நிலப்பகுதியில் முதியோர் இல்ல மேற்பார்வையின் வரலாறு

முன்னுரை

முதியோர் இல்லம் ஒன்றின் தரத்தை அளப்பவர் யார், எதைக் கொண்டு அளக்கிறார், அளந்ததை யாருக்கு அறிவிக்கிறார் என்னும் மூன்று வினாக்களுக்கும் ஒவ்வொரு காலமும் தனக்குரிய விடையைக் கண்டுள்ளது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சார்ந்த எப்சம், அவ்விடைகள் ஒன்றன்பின் ஒன்றாக உருப்பெற்றதைக் காட்டும் பகுதியாகும். இலங்கையிலிருந்து 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின்னும், தமிழ்நாடு, மலேசியா முதலிய இடங்களிலிருந்து அதனை அடுத்தும் அந்நகரில் குடியேறிய தமிழரின் முதல் தலைமுறை இப்போது முதுமையை எய்தியுள்ளது. ஆதலின் இவ்வரலாறு தமிழாய்வுக்கும் உரியதாகிறது. ஆய்வு என்பது இல்லத்தில் வாழ்வோருக்குக் காப்பாக அமைய எவை வேண்டும் என்பதை இக்கட்டுரை இவ்வரலாற்றின்வழி ஆராய்கிறது.

1. அறக்கொடையும் அரசு ஆய்வாளரும்

ஆக்லாந்தில் வாழ்ந்த எட்வர்டு காஸ்ட்லி 1883இல் மறைந்தபோது, அவருடைய செல்வம் நகரின் பொது நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அக்கொடையின் பயனாக, வறிய முதியோருக்கான காஸ்ட்லி இல்லம் 1890இல் எப்சத்தில் திறக்கப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1885ஆம் ஆண்டின் மருத்துவமனைகள் மற்றும் அறநிலையங்கள் சட்டம் இத்தகைய நிறுவனங்களை வட்டார வாரியங்களின் பொறுப்பிலும் அரசின் மேற்பார்வையிலும் வைத்திருந்தது. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய டங்கன் மெக்ரெகர் 1886 முதல் 1906இல் மறையும்வரை தலைமை ஆய்வாளராகப் பணியாற்றினார். நாட்டின் மருத்துவமனைகளையும் அறநிலையங்களையும் பற்றிய அவருடைய அறிக்கைகள் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு அச்சிடப்பட்டன.

இவ்வேற்பாட்டில் இரு நலன்கள் இருந்தன. ஆய்வாளர் அரசின் ஊதியம் பெற்றவர். தாம் ஆராயும் இல்லத்தை அவர் சார்ந்திருக்கவில்லை. அவர் கண்டது பொது ஆவணமாயிற்று. ஆயினும், எதனைக் காண்பது என்பதில் காலத்தின் மனப்பாங்கு குறுக்கிட்டது. அறக்கொடை மிகுந்தால் உழைப்பில் நாட்டம் குறையும் என்று மெக்ரெகர் உறுதியாக நம்பினார். எனவே இல்லத்தின் குறைகளோடு, இல்லத்தை நாடி வந்தோரின் ஒழுக்கமும் ஆய்வுப் பொருளாயிற்று. 1898ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டத்திலும் இப்பார்வையே காணப்படுகிறது. அறுபத்தைந்து வயது நிறைந்தோருக்கு ஆண்டுக்குப் 18 பவுண்டு வழங்க வகைசெய்த அச்சட்டம் நன்னடத்தையை நிபந்தனையாக்கியது. சீனரையும் பிற ஆசியரையும் விலக்கி வைத்தது. யாருடைய முதுமை அரசின் கவனத்துக்குரியது என்பதே அன்று வரையறுக்கப்பட்ட ஒன்றாக இருந்தது.

1895இல் துணை ஆய்வாளராக அமர்ந்த கிரேஸ் நீல் செவிலியப் பயிற்சி பெற்றவர். அவருடைய முயற்சியால் 1901இல் செவிலியர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடத்தையும் கணக்கையும் கண்டு அமைவதோடு, பராமரிப்போரின் தகுதியையும் அரசு உறுதிசெய்ய வேண்டும் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. எனினும் இல்லத்தில் வாழும் முதியவர் ஆய்வுக்கு உட்பட்டவராகவே இருந்தார். ஆய்வில் பங்குபெறுபவராக அவர் கருதப்படவில்லை.

2. நோயாளர் உரிமையின் தோற்றம்

காஸ்ட்லி இல்லம் பின்னர் நோயுற்றோருக்கான மருத்துவ இல்லமாகி, 1942இல் கிரீன் லேன் மருத்துவமனை என்னும் பெயரைப் பெற்றது. 1958இல் பிரயன் பாரட் பாய்ஸ் செயற்கை இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையால் திறந்த இதய அறுவை செய்த இடமும் இதுவே. முதியோரின் புகலிடம் உயர்நிலை மருத்துவமனையாக வளர, முதியோர் பராமரிப்புப் பெரிதும் சமய அமைப்புகளின் இல்லங்களுக்கும் தனியார் இல்லங்களுக்கும் மாறியது.

அருகிலுள்ள கார்ன்வால் பூங்காவில், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்காக மருத்துவமனை அமைக்கப்பட்டிருந்தது. அக்கட்டடங்களில் 1946இல் இடம்பெற்ற தேசிய மகளிர் மருத்துவமனை, 1964இல் எப்சம் கிளாட் சாலையின் புதிய கட்டடத்துக்கு மாறியது. அங்கே, கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் காணப்பட்ட பெண்களுள் சிலர், தாம் ஓர் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதை அறியாமலும் உரிய சிகிச்சை பெறாமலும் வைக்கப்பட்டிருந்தனர். 1987இல் சாண்ட்ரா கோனியும் பிலிடா பங்கிளும் மெட்ரோ இதழில் இதனை வெளிப்படுத்தினர். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் அமைந்த விசாரணையின் அறிக்கை 1988இல் வெளிவந்தது.

இது முதியோர் இல்லம் பற்றிய விசாரணையன்று. ஆயினும் அதன் விளைவு இன்றைய இல்லங்கள் வரை நீள்கிறது. ஒரு துறையினர் தம்மைத் தாமே கண்காணிப்பது போதாது என்பது அவ்விசாரணையால் உறுதிப்பட்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் உடல்நல, மாற்றுத்திறனாளர் ஆணையர் பதவி உருவாயிற்று. 1996இல் நடைமுறைக்கு வந்த உரிமைத் தொகுப்பு பத்து உரிமைகளை வகுத்தது. அவற்றுள் ஐந்தாவது, ஒருவர் தமக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் தகவல் பெறும் உரிமையாகும். தேவையும் வாய்ப்பும் உள்ள இடத்தில் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரைப் பெறுவதும் அதில் அடங்கும். பத்தாவது, முறையிடும் உரிமையாகும். முதியோர் இல்லத்தில் வாழ்வோருக்கும் இவை உரியன.

3. சான்றிதழ் முறையும் அதன் குறையும்

2001ஆம் ஆண்டின் உடல்நல, மாற்றுத்திறனாளர் சேவைகள் பாதுகாப்புச் சட்டம் புதியதொரு முறையைக் கொணர்ந்தது. இல்லங்கள் தர நெறிகளுக்கு ஏற்ப நடப்பதாகச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழை உடல்நல அமைச்சகம் வழங்கும். நேரில் ஆராயும் பணியை அமைச்சகம் அங்கீகரித்த தணிக்கை நிறுவனங்கள் மேற்கொள்ளும். அந்நிறுவனத்தைத் தேர்ந்து கட்டணம் செலுத்துவது இல்லமே. மெக்ரெகர் காலத்து ஆய்வாளருக்கு இருந்த சார்பின்மை இங்கே வினாவுக்கு உள்ளாயிற்று.

தலைமைத் தணிக்கையாளர் 2009 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, இச்சான்றிதழ் முறை இல்லங்களின் பாதுகாப்புக்குப் போதிய உறுதியளிக்கவில்லை என்று முடிவு கூறியது. தணிக்கைகள் ஒரு சீராக இல்லை. சில தரம் குன்றியிருந்தன. குறைகளை அறிந்திருந்தும் அமைச்சகம் விரைந்து செயற்படவில்லை என்பன அதன் கண்டனங்கள். இதன்பின் முன்னறிவிப்பற்ற இடைக்காலத் தணிக்கைகள் நடைமுறைக்கு வந்தன. தணிக்கையின் சுருக்கங்களும், பின்னர் முழு அறிக்கைகளும் பொதுமக்கள் படிக்கக் கிடைத்தன. 2012இல் வெளிவந்த தொடர் அறிக்கை முன்னேற்றத்தைப் பதிவு செய்தது. ஆயினும் தணிக்கையாளரை இல்லமே அமர்த்தும் முறை தொடர்ந்தது.

2022 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள ‘ங்கா பைரேவா’ என்னும் தர நெறி ஆறு பிரிவுகளைக் கொண்டது: உரிமைகள், பணியாளரும் நிர்வாகமும், நலம் நோக்கிய பராமரிப்பு, பாதுகாப்பான சூழல், தொற்றுத் தடுப்பு, கட்டுப்படுத்தலும் தனிமைப்படுத்தலும். தணிக்கையாளர் மருந்துப் பதிவேடுகளையும் பராமரிப்புத் திட்டங்களையும் பார்வையிடுகிறார். முதியோரிடமும் குடும்பத்தாரிடமும் பேசுகிறார். ஒரு முதியவர் இல்லத்தில் சேர்ந்த நாள்முதல் பெற்ற பராமரிப்பை ஒவ்வொரு படியாகப் பின்தொடர்ந்து சரிபார்க்கிறார். ஒவ்வொரு நெறியும் முழுமையாக எய்தப்பட்டதா, ஓரளவே எய்தப்பட்டதா என்று மதிப்பிடப்பட்டு, குறைகளுக்கு இடர் அளவும் குறிக்கப்படுகிறது.

4. தமிழ்நாட்டு வரலாற்றோடு ஒப்பீடு

அறமும் அளவீடும் இணைவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிப்பதோடு, மருத்துவர், அறுவை செய்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் முதலியோரையும் அவர்களுக்குரிய ஊதியத்தையும், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளையும் பதிவு செய்கிறது. இருக்க வேண்டியவை கல்லில் வெளிப்படையாக எழுதப்பட்டமையால், இல்லாததைச் சுட்டுவதற்கும் அதுவே சான்றாயிற்று.

காஸ்ட்லி இல்லத்துக்கு நிகரான வரலாறு சென்னையிலும் உண்டு. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்க்கும் இடமாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் வறியோர் புகலிடமாகவும் மருத்துவ நிலையமாகவும் வளர்ந்தது. ஸ்டான்லி மருத்துவமனை அதன் வழிவந்ததே. மக்கள் வழக்கில் அம்மருத்துவமனைக்குக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்னும் பெயர் நிலைத்தது. எப்சத்திலும் சென்னையிலும் வறியோர் புகலிடமே பெருமருத்துவமனையாக மாறிய நெறி ஒன்றே.

ஆய்வு தவறியதன் விலையையும் தமிழ்நாடு அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கியிருந்த தனியார் இல்லம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். இத்தகைய இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் முன்னரே விதித்திருந்தது. சட்டம் இருந்தும் அதனைச் செயற்படுத்தும் ஆய்வு இல்லாமற்போனதே அங்கு உயிர்ச்சேதத்துக்கு வழிவகுத்தது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேருக்கான முதியோர் இல்லத்தை நோக்கமாகக் கொண்டு, அவற்றின் தரத்தை வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் அளித்தது. தரம் வகுத்தலோடு, அதனைத் தொடர்ந்து நேரில் சென்று காண்பவரும் வேண்டும் என்பதே ஏர்வாடி தரும் படிப்பினை.

5. மொழியும் சான்றும்

எப்சம் போன்ற பகுதியின் இல்லமொன்றில் தமிழ் முதியவர் வாழும்போது, ஆய்வின் பயன் மொழியைச் சார்ந்தும் அமைகிறது. மறதிநோய் முற்றுகையில் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் நழுவித் தாய்மொழியே எஞ்சும் நிலை பலரிடம் காணப்படுகிறது. அந்நிலையில் மகனோ மகளோ மொழிபெயர்த்தால், பிள்ளைகள் வருந்துவர் என்று முதியவர் சிலவற்றை மறைக்கக்கூடும். இல்லப் பணியாளரே மொழிபெயர்த்தால், அப்பணியாளரைப் பற்றிய குறை வெளிவர இடமில்லை. மேலும், நலம் கேட்பவரிடம் “ஒரு குறையுமில்லை” என்று விடையிறுப்பது தமிழர் பண்பாட்டில் மதிப்பைக் காட்டும் மரபு. அதனைத் தணிக்கையாளர் மனநிறைவின் சான்றாகக் குறித்துக்கொண்டால், கேட்கப்பட்ட வினாவுக்கு விடை கிடைக்கவில்லை என்றே பொருள். குளிக்கும் வேளை, உண்ணும் சோறு, இரவில் அழைத்தால் ஆள் வரும் நேரம் எனத் தனித்தனியே கேட்கும்போதே உண்மை நிலை தெரியவரும். ஐந்தாம் உரிமை கூறும் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளர் தணிக்கையின்போது உடனிருத்தல், இவ்வகையில் பாதுகாப்பின் ஒரு கூறேயாகும்.

முடிவுரை

எப்சத்தின் நூற்றாண்டு கடந்த வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. ஆராய்பவர் ஆராயப்படுபவரைச் சாராதிருத்தல் வேண்டும். இதில் 1886ஆம் ஆண்டின் அரசு ஆய்வாளர் பதவி இன்றைய முறையினும் தெளிவானது. கண்டவை மக்களுக்கு வெளிப்பட வேண்டும். இதனை நியூசிலாந்து 2009க்குப் பின் பெருமளவு எய்தியுள்ளது. மூன்றாவதாக, இல்லத்தில் வாழ்பவரின் சொல் சான்றாக ஏற்கப்பட வேண்டும். கார்ட்ரைட் விசாரணை இதற்கு வழிதிறந்தது. மொழி வேறுபட்ட முதியோரைப் பொறுத்தவரை அது இன்னும் நிறைவுபெறவில்லை. முதியோரிடம் கேட்க வேண்டிய வினாக்களைப் பேச்சுத் தமிழில் அமைத்துத் தருவதும், மருத்துவச் சூழலில் மொழிபெயர்ப்போரைப் பயிற்றுவதும் புலம்பெயர் தமிழாய்வு ஏற்கத்தக்க உடனடிப் பணிகளாகும்.