கேசட்டும் குலவையும்: நாட்டுப்பாடல் ஒலிப்பதிவில் கேட்பவரின் இடம்

நாட்டுப்பாடல் கேசட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: இதில் மண்வாசனை இருக்கிறதா? கீபோர்டு நுழைந்துவிட்டது, சுருதி சுத்தமாக இருக்கிறது, வயலில் இப்படியா பாடினார்கள் என்று குறைப்படுகிறார்கள். இக்கேள்வி பாடகரைப் பார்க்கிறது. கேட்பவரைப் பார்ப்பதே இல்லை. ஒலிப்பதிவான பாட்டைக் கேட்பவர் அதை என்ன செய்கிறார்? தன் ஊர்ச் சொல்லைப் போட்டுப் பாடுகிறாரா, “எங்க ஊருல இப்படிப் பாடமாட்டோம்” என்று மறுக்கிறாரா? அந்த மறுப்பே நாட்டுப்பாடல் தொகுப்பு ஒன்று பெறக்கூடிய உயர்ந்த எதிர்வினை என்பது இக்கட்டுரையின் வாதம்.

ராஜபாளையம் அருகே சிற்றூரில் பிறந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனின் பணி இதைச் சோதிக்க ஏற்ற இடம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டே கணவர் நவநீதகிருஷ்ணனுடன் ஊர் ஊராகப் போய்ப் பாடல்களைப் பதிவு செய்தவர். அவற்றை இருவருமாக மேடையிலும் வானொலியிலும் கேசட்டிலும் பாடினார்கள். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சேகரிப்பவரும் பாடுபவரும் ஒருவரே என்பது இங்கே முக்கியம். ஆவணக் காப்பகத்துக்குப் போகும் பாடல் பல வடிவங்களோடு போகலாம். மேடைக்கு வரும் பாடல் ஒரே வடிவத்தில்தான் வர முடியும்.

எந்த வடிவம் என்பது சின்ன விஷயமல்ல. ராஜபாளையம் இருக்கும் அதே மாவட்டத்தில், பிளவக்கல் அணைகளின் தண்ணீர் பாயும் கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம் நெல் விளையும். நடவுப்பாட்டுக்கு அங்கே வேலை உண்டு. கிழக்கே சாத்தூர் பக்கம் போனால் மானாவாரிக் கரிசல், பருத்தி, களையெடுப்பு. ஒரே மெட்டு ஒரு பக்கம் நாற்றைப் பிடித்துக்கொண்டு வரும், மறுபக்கம் களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு வரும். கேசட்டில் ஏறியது ஒன்று என்றால் மற்ற ஊர்க்காரர் முகம் சுளிக்கத்தான் செய்வார். அதை ரசனைக் குறைவு என்று தள்ளுவது தவறு.

இன்னும் ஆழமான காரணம் பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. தாலாட்டில் மாமன் சீர் கொண்டுவருவான். எந்த மாமன், எந்த ஊரிலிருந்து, என்ன கொண்டுவந்தான் என்ற இடம் காலியாக விடப்பட்டிருக்கும். பாடுகிற தாய் தன் அண்ணன் தம்பி பெயரைச் சொல்லி அதை நிரப்புவாள். முளைப்பாரிக் கும்மியில் தெருப்பெயரும் அம்மன் பெயரும் அப்படித்தான். ஒலிப்பதிவு இந்தக் காலியிடத்தைப் பொதுவான ஒரு சொல்லால் அடைத்துவிடுகிறது. கேட்பவர் அதை மறுபடி திறக்கிறார். பொங்கலுக்கு ரேடியோ செட்டில் கும்மிப்பாட்டு ஓடும்போது பெண்கள் கேசட்டின் அம்மனை விட்டுவிட்டுத் தங்கள் அம்மனுக்குக் குலவை போடுகிறார்கள். தமிழ்க் கிராமம் ஒன்றில் பக்திக் கேசட்டுகளின் பயன்பாட்டை ஆராய்ந்து 1999-இல் ‘எத்னோமியூசிகாலஜி’ இதழில் எழுதிய பால் கிரீன், கேசட்டை ஒலிக்கவிடுவதையே ஒரு நிகழ்த்துதலாகக் கண்டார். அவர் கவனம் பெட்டியை இயக்குபவர் மேல் இருந்தது; நான் அதைக் குலவைக்கும் நீட்டுவேன்.

ஒப்பாரி வேறு கதை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பதால் சேகரிக்கப் போனவர்களைப் பெண்கள் வாசலுக்கு அப்பால் கூட்டிப்போய்ப் பாடிக் காட்டியதுண்டு. அதே பாட்டு கேசட்டில் வந்தால் நடுவீட்டில் யார் கேட்பது? அணைத்துவிடுகிறார்கள். இந்த அணைத்தலும் எதிர்வினைதான். பதிவான குரலைக்கூட அவர்கள் உண்மையான அழுகையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். விமர்சகர் தேடும் மண்வாசனைச் சான்றிதழ் இதைவிட என்ன இருக்க முடியும்?

பாட்டு ஒரே வடிவத்தில் உறைந்துபோகும் சிக்கல், மேலே சொன்ன ஊர்களை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பெண்கள் வாய்மொழியாகப் பாடிய தாலாட்டைப் பெரியாழ்வார் எடுத்துக்கொண்டார். கூடல் இழைத்தலையும் குயிலைத் தூது விடுவதையும் ஆண்டாள் எடுத்துக்கொண்டாள். பதிகக் கடைசியில் தன் பெயரை முத்திரையாக வைத்தாள்; பாடுவோருக்குப் பலன் சொல்லி மற்றவரையும் பாட அழைத்தாள். ஆனால் சொல்லை மாற்ற அங்கே இடமில்லை. பாடலாம், திருத்தக் கூடாது. எழுத்து செய்ததைப் பின்னாளில் கேசட்டும் செய்தது.

முத்திரையோடு பணமும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை அமெரிக்கக் கண்ட்ரி இசையின் தொடக்கம் காட்டுகிறது. 1927 ஆகஸ்டில் டென்னசியின் பிரிஸ்டலில் ரால்ஃப் பியர் பதிவு செய்தவர்களில் கார்ட்டர் குடும்பத்தாரும் உண்டு. பிறகு ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுத் தேடி அலைந்தார். மெட்டுகளை மனத்தில் பிடித்து வைத்தவர் உடன்சென்ற கறுப்பினக் கலைஞர் லெஸ்லி ரிடில். காப்புரிமை கார்ட்டர் பெயரில் பதிவானது. நம் சட்டத்தில் 1994 திருத்தத்துக்குப் பின் நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது. களப்பதிவுக் கருவிமுன் பாடிய பெண்ணுக்கும் அப்பதிவின் மேல் அது உண்டு என்றே வாதிடலாம். அவளிடம் கற்றுக்கொண்டு இன்னொருவர் பாடினால் அந்தப் பாதுகாப்பு தொடர்வதில்லை. விஜயலட்சுமி போன்றோர் சேர்த்திராவிட்டால் பல பாடல்கள் இன்று இருந்திருக்காது என்பதையும் மறுக்க முடியாது. நியாயமான விமர்சனம் இரண்டையும் ஒருசேரச் சொல்ல வேண்டும்.

காலியிடத்தை வேண்டுமென்றே திறந்து வைத்த பாடலாசிரியர் ஒருவரும் நம்மிடையே இருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்ற பெயரில் கிராமிய மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றியவர். நாட்டுப்புற இசை ஏழைகளின் கையில் மறுபடி மறுபடி ஆக்கப்படக்கூடியது, அதனாலேயே அது விடுதலைக்கு உதவும் என்பது அவர் கொள்கை. சோயி ஷெரினியன் 2014-இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகப் பேசுகிறது. பாட்டு ஊருக்கு ஊர் மாறுவதை அப்பாவு வெற்றியாகக் கணக்கிட்டார். நம் விமர்சன மரபு இந்த அளவுகோலை இன்னும் கையில் எடுக்கவில்லை.

2025-இல் கூமாப்பட்டி இளைஞர் ஒருவர் கைப்பேசியில் பதிவிட்டு, “ஏங்க” என்று விளித்து ஊருக்கு அழைத்த சில நொடிக் காணொளி தமிழகம் முழுக்கப் பரவியது. ஊர்ப்பெயரை மாற்றித் தத்தம் ஊருக்கு அழைத்தவர்கள் ஏராளம். மாமன் பெயரை மாற்றிப் பாடும் தாலாட்டின் அதே செயல்தான் இது. வேறுபாடு ஒன்றே: எத்தனை பேர் மாற்றிப் பேசினாலும் முதலில் பேசியவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நாட்டுப்பாடல் கேசட்டுகளில் அப்படித் தெரியவில்லை; அட்டையில் பாட்டைக் கொடுத்த பெண்ணின் பெயரையும் ஊரையும் அச்சிட ஒரு வரி போதுமானதாக இருந்தது. பெரும்பாலான அட்டைகளில் அந்த வரி இல்லை. பழைய கேசட்டுகளை இன்று எண்ணிம வடிவுக்கு மாற்றுகிறவர்கள் களக்குறிப்பேடுகளைப் புரட்டி அதைச் சேர்க்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்பவர்கள் சொன்ன மாற்று வடிவங்களையும் பக்கத்திலேயே பதியலாம்.