பேலியோ

பேலியோ (பெ.): அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை ஆகியவற்றை விலக்கி இறைச்சி, முட்டை, காய்கறி, கொட்டைகளை உண்ணும் முறை.

கிரேக்கத்தில் 'பலையோஸ்' என்றால் பழைய, 'லித்தோஸ்' என்றால் கல். இரண்டையும் சேர்த்து 1865இல் ஜான் லப்பக் 'பேலியோலித்திக்', அதாவது பழைய கற்காலம், என்ற சொல்லை ஆக்கினார். அதற்கு ஈராண்டு முன்பே ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் அக்காலக் கற்கருவியைக் கண்டெடுத்திருந்தார். கற்கால உணவைச் சத்தியல் விவாதத்துக்குள் கொண்டுவந்தது 1985இல் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை. அங்காடிக்குக் கொண்டுவந்தது 2002இல் வெளியான லோரன் கார்டெயினின் நூல். அதற்குள் பெயரிலிருந்து 'கல்' உதிர்ந்துவிட்டது.

தமிழில் இச்சொல் ஃபேஸ்புக் குழுக்கள் வழியாகப் பரவியது. 'விரதம் இருக்கிறார்' என்பதுபோல 'பேலியோ இருக்கிறார்' என்ற வழக்கும் உண்டு. பொருளும் மாறியது. கார்டெயின் பால்பொருள்களை விலக்கினார். தமிழ்ப் பேலியோவிலோ பனீர், வெண்ணெய், நெய் தாராளம். மாடு வளர்ப்பு புதிய கற்காலத்தது என்பதால் பெயருக்கும் தட்டுக்கும் உறவு மெலிந்தே இருக்கிறது. தானியம் பழைய கற்காலத்தார் அறியாததும் அல்ல: கலிலேயக் கடலோரம் ஓகாலோவில் கிடைத்த, சுமார் 23,000 ஆண்டுப் பழமையான அரைகல்லில் காட்டு வாற்கோதுமையின் மாவுத்துகள் ஒட்டியிருந்தன.

பிரெஞ்சு இன்றும் பள்ளியில் கற்பிக்கப்படும் புதுச்சேரியில் அம்மொழி அறிந்தவர்களுக்கு இவ்வுணவுமுறை 'ரெஜீம் பலேயோ'. 'ரெஜீம்' என்ற பிரெஞ்சுச் சொல் உணவுக் கட்டுப்பாட்டையும் குறிக்கும், அரசாட்சியையும் குறிக்கும்.